நீரில் நின்றபடி வாடிய வெண்டைச் செடிகள்

1

இங்கே எழுதப்போகும் நிகழ்ச்சிகளுக்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. நான் நெடுங்காட்டில் பிறந்தவன். வேளாண்மையில் பட்டம் பெற்றவன். முப்பத்தோராண்டுகள் அரசு வேளாண்மைத் துறையில் மண் ஆய்வு செய்து, எவர் வீட்டிலும் ஓர் இளநீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஓய்வு பெற்றவன். நம் பக்கத்து வயல்காரர்கள் மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, நான் சொல்லும்வரை உட்காரமாட்டார்கள். “ஆபீசர் சொல்லிட்டாரு” என்றால் அதற்குமேல் அங்கே பேச்சு கிடையாது.

ஒன்பது ஆண்டுகளாகப் பாரிஸ் நகரத்தின் வடக்குப் புறநகரில், நான்காம் மாடியில் வசித்து வருகிறேன். என் மனைவி கமலத்தின் தந்தை பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அந்த வழியில் அவள் இந்நாட்டுக் குடிமகள். நான் அவளுடைய கணவன் என்ற தகுதியில் இங்கே இருக்கிறேன். ஊரில் அவளை ‘ஆபீசர் வீட்டம்மா’ என்பார்கள். இங்குள்ள அரசுக் காகிதங்களில் நான் ‘அம்மையாரின் கணவர்’. இந்த வரிசை மாற்றத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாவில், மண்ணே இல்லாமல் வெறும் நீரில் காய்கறி வளர்ப்பதைப் பற்றி இளைஞர்கள் சிலர் படம் போட்டுக் காட்டினார்கள். தலைமை தாங்கியவன் என்ற முறையில் நான் எழுந்து, இது வித்தை, வேளாண்மை அன்று. மண்ணைப் படித்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன் என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாக இன்றும் பலருடைய கைப்பேசியில் இருக்கிறது.

2

கமலம் எங்கள் மாடிமுகப்பில் பதினான்கு தொட்டிகள் வைத்திருந்தாள். வெண்டை, தண்டுக்கீரை, மிளகாய், புதினா, ஒரு கறிவேப்பிலை. அந்த முகப்புக்குக் கண்ணாடி அடைப்பு உண்டு. தெற்கு வெயில் விழும். காலையில் எழுந்ததும் அவள் அங்கேதான் போவாள். அவளுக்கு இந்நாட்டு மொழியில் நான்கு சொற்கள் தெரியும், நான்கும் வணக்கமும் நன்றியும்தான். இவள் வளர்த்த கீரைக்காகவும் கறிவேப்பிலைக்காகவும் படியேறி வரும் நம்மவர் ஐந்தாறு பேர்தான் அவளுடைய உலகம்.

சென்ற மார்ச் மாதம் கட்டட நிர்வாகத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. எங்கள் தொட்டிகளிலிருந்து வழிந்த சேற்று நீர் மூன்றாம் மாடி அம்மையாரின் வெள்ளை வெயில்மறைப்பைக் கறையாக்கிவிட்டதாம். மாடிமுகப்புகளில் மண் வைப்பது விதிப்படி தடை. அறுபது நாளுக்குள் அகற்ற வேண்டும். நான் கல்லூரிக் காலத்துக் கடித இலக்கண நூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிரெஞ்சில் இரண்டு பக்க மறுமொழி எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்துப் பெண் அதைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட மொழியைத் தன் பாட்டனாரின் கடிதங்களில்தான் பார்த்திருப்பதாகச் சொன்னாள். மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். லியோன் நகரில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, “அப்பா, அது பாராட்டு இல்ல” என்றான். அவனுடைய பிள்ளைகள் திரையில் வந்து, “தாத்தா, சவா?” என்று நலம் கேட்டு, நான் விடை சொல்லுமுன் நகர்ந்துவிட்டார்கள். காய்கறி எல்லாம் சந்தையில் கிடைக்கிறதே, அம்மாவுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று அவன் கேட்டான். நான் பேச்சை முடித்துக்கொண்டேன்.

தொட்டிகள் கீழே போயின. கறிவேப்பிலையை மட்டும் தரைத்தளத்தில் முற்றமுள்ள ஒருவருக்குக் கமலம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் வெறும் முகப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“செப்டம்பர்ல நான் ஊருக்குப் போயிடுறேங்க. திரும்பி வர்றதா இல்ல. நீங்க இருக்கறதுன்னா இருங்க.”

ஏன் என்று கேட்டேன்.

“இங்க எனக்குப் பேச யாரு இருக்கா? அதுங்களாவது இருந்துச்சு.”

மறுநாளே மகனிடம் சொல்லி, திரும்பி வரும் பயணம் இல்லாத சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

நவம்பரில் என் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்கிறோம் என்று இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அவள் போய்விட்டால் அதிகாரி என்ன கேட்பார் என்று நினைத்தேன். நெடுங்காட்டில் என்ன பேசுவார்கள் என்று அதைவிட அதிகமாக நினைத்தேன். ஆனால் மானத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன் என்று எழுதினால் முழு உண்மையாகாது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாகக் காலையில் அவள் அடுப்படியில் புழங்கும் ஓசை கேட்டுத்தான் கண் விழிக்கிறேன். அது இல்லாத வீட்டில் எப்படி விழிப்பது என்று எனக்குத் தெரியாது.

நிர்வாகத்தின் கடிதத்தை அகராதியோடு மூன்று முறை படித்தேன். ‘மண்’ என்றுதான் எழுதியிருந்தது. ‘செடி’ என்று ஓரிடத்திலும் இல்லை.

3

ஆக, மேடையில் எதை வித்தை என்று சொன்னேனோ அதையே செய்ய வேண்டியவனானேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. கழிவுநீருக்குப் பயன்படும் நான்கு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்கள் மூன்றை வாங்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் நான்கு வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையிலும், அடியில் ஓட்டை போட்ட ஒரு தயிர்க் கிண்ணம். கிண்ணத்துக்குள் சுட்ட களிமண் உருண்டைகள். அடியில் ஒரு வாளி. வாளியிலிருந்து சிறு மோட்டார் நீரை மேல் குழாய்க்கு ஏற்றும். அது ஒவ்வொரு குழாயாக வழிந்து வாளிக்கே திரும்பும். உரக் கரைசலை நானே கணக்கிட்டேன். தழை, மணி, சாம்பல் சத்துகளோடு சுண்ணாம்பும் மக்னீசியமும் நுண்ணூட்டங்களும் எந்த அளவில் வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை வைத்துக் குழாய்களை மட்டம் பார்த்தேன். கடைசிக் குழாயின் ஒரு கோடி மட்டும், தரை ஓடு ஒன்று உப்பியிருந்ததால், ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. அந்தக் குறை எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

மே மாதத்தில் பன்னிரண்டு வெண்டை நாற்றுகளை வைத்தேன். கமலம் கதவருகே நின்று பார்த்தாள்.

குழாயில் எவ்வளவு நீர் நிற்க வேண்டும் என்பதை வெளியேறும் துளையின் உயரம்தான் முடிவு செய்யும். நான் அதை உச்சியில் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் காவிரியின் கடைமடைக்காரர்கள். அணை திறந்த செய்தி வந்த பிறகும், வழியிலுள்ள எல்லோரும் பாய்ச்சி முடித்துத்தான் நமக்கு. வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் ஒரு நாள் காலை, சருகும் நுரையும் எறும்புகளும் முன்னால் வர, நாக்கு நீட்டினாற்போல் நீர் மெல்ல ஊர்ந்து வரும். கரையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆடுமாடுகூட நிற்கும். அப்போது கடைமடைக்காரன் செய்வது ஒன்றுதான். வரப்பு முட்ட நீரை நிறுத்தி மடையை அடைத்துவிடுவான். நாளை வருமா, முறை மாறிவிடுமா, யாருக்குத் தெரியும்?

அந்தக் கை என் கை. குழாயைத் திறந்தால் நீர் நிற்காத இந்த நகரத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் நான்கு வாளி நீர் பிடித்து வைப்பவன் நான். குழாய் தளும்ப நீர் நின்றதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

4

மூன்றாம் வாரத்தில் இலைகள் தொங்கின. ஜூன் வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. வாட்டம் என்றால் தாகம் என்று இன்னும் நீரை ஏற்றினேன். மேலும் தொங்கின. கரைசலை மாற்றினேன், உரத்தைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன். நீரில் நின்றுகொண்டே அவை நீரில்லாத செடிகளைப்போல வாடின. ஒவ்வொன்றாகக் கிண்ணத்தோடு தூக்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, கையில் வழுவழுத்தது, ஒரு நாற்றம். பத்துச் செடிகள் போய்விட்டன. கடைசிக் குழாயின் உயர்ந்த கோடியில் இருந்த இரண்டு மட்டும் குட்டையாக நின்றன.

காலையில் இறந்த செடிகளைச் செய்தித்தாளில் சுற்றி, கமலம் பார்க்குமுன் கீழே கொண்டுபோனேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்று மாலை பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள்.

5

கறிவேப்பிலைச் செடியை வாங்கிக்கொண்டவர் பெயர் கலியமூர்த்தி. நம் பக்கத்துக் கடலோரக் கிளிஞ்சல்மேட்டுக்காரர், மீனவர் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். இங்கே ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை. ஊரில் இருந்தபோது, இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். தாமே வளர்க்கும் அந்தச் செடியிலிருந்து நான்கு கொத்து பறித்து, வாரம் ஒருமுறை கமலத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார். கமலத்தை அக்கா என்பார். என்னைச் சார் என்பார். நான் தலையசைப்பேன். எங்களுக்குள் அதற்குமேல் பேச்சு இருந்ததில்லை.

அந்த வாரம் வந்தவர், மறைக்க நேரமில்லாமல் நான் திறந்து வைத்திருந்த குழாய்களைப் பார்த்துவிட்டார். குனிந்து மோந்தார். விரலை உள்ளே விட்டு நீரின் சூடு பார்த்தார். பிறகு அந்த இரண்டு குட்டைச் செடிகளின் அருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

“இது ரெண்டும் மட்டும் ஏன் சார் சாவல?”

அந்தக் கோடி மட்டம் தவறியது, அங்கே நீர் குறைவாகத்தான் நிற்கிறது, அதனால்தான் அவை வளரவில்லை என்று நான் விளக்கினேன்.

“வளரலன்னு சொல்றீங்க. நான் சாவலன்னு சொல்றேன்.” ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். “மேல் வேரப் பாருங்க, வெள்ளையா இருக்கு. தண்ணிக்கு மேல நிக்குது. மத்ததெல்லாம் தாகத்துல சாவல சார். மூச்சு முட்டிச் செத்திருக்கு. பண்ணையில இறால் குஞ்சு செத்து மெதந்தா மொதலாளி வந்து கத்துவாரு. தண்ணி இல்லாமயா செத்துச்சு? தொட்டி ரொம்பத் தண்ணி. காத்துக் குழா ஒரு மணி நேரம் நின்னிருக்கும், அவ்வளவுதான்.”

நான் எழுந்து நின்றேன். வேர் மூச்சு விடும் என்பது எனக்குத் தெரியாததன்று. நெல்லின் தண்டுக்குள் காற்றுப் பாதை உண்டு, அதனால்தான் அது நின்ற நீரில் வாழ்கிறது, வெண்டைக்கு அது கிடையாது என்று பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். அது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

“தெரிஞ்சிருக்கும் சார்.” அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்குத் தாளவில்லை. “சுனாமிக்கு அப்புறம் எங்க தெருவுக்கு வந்தீங்க. கொல்லை மண்ண எடுத்துக் குழாயில போட்டு ஆட்டிப் பாத்துட்டு, மூணு வருஷத்துக்குப் புல்லுகூட மொளைக்காதுன்னு எழுதிட்டுப் போனீங்க. மறு வருஷம் எங்கம்மா அங்கயே கத்திரிக்கா பறிச்சுச்சு. நீங்க பொய் சொல்லல. நடுவுல ஒரு மழைக்காலம் வந்து உப்ப அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. மண்ணப் பாத்தீங்க, மழையப் பாக்கல.”

எனக்கு அந்தத் தெரு நினைவிருந்தது. அந்த அறிக்கையும் நினைவிருந்தது. அவரை வாசல்வரை கொண்டுபோய் விடுவதற்கான சொற்களை நான் தேடிக்கொண்டிருந்தபோது கமலம் உள்ளே இருந்து வந்தாள்.

“தம்பி, நீங்க சொல்லுங்க. என்ன செய்யணும்?”

“தண்ணிய பாதியா கொறைக்கணும் அக்கா. பாதி வேரு தண்ணியில, பாதி வேரு காத்துல. கட்டுமரத்துல போறவன் மாதிரி.”

“அதுக்கு இவரு சம்மதிக்கணுமே. ரொம்பி வழிஞ்சாத்தான் இவருக்குத் தண்ணி. சாயங்காலமானா வீடு பூரா வாளியா நிக்கும், காலு வைக்க எடம் இருக்காது.”

இருவரும் சிரித்தார்கள். மாதக்கணக்கில் அவள் சிரித்து நான் கேட்கவில்லை. துளைக்கும் கருவியை எடுத்துக் கலியமூர்த்தியிடம் கொடுத்தேன்.

கமலம் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவர் பாதி உயரத்தில் புதுத் துளை போட்டு, மேலிருந்ததை அடைத்தார். நீர் வெளியேறி வாளியில் விழுந்தது. நீர் மட்டம் இறங்குவதை நான் நின்று பார்த்தேன். ஒரு வயல் வடிவதைப் பார்ப்பதுபோல இருந்தது. மறுநாள் அவர் தம் உணவகத்தில் கைவிட்ட மீன் தொட்டியிலிருந்து ஒரு காற்று மோட்டாரைக் கொண்டுவந்து, அதன் குழலை வாளிக்குள் இறக்கினார். நீர் கொதிப்பதுபோலக் குமிழிட்டது. பண்ணையில் இரவும் பகலும் இந்தச் சத்தம்தான் என்றார்.

6

இனி எழுதப்போவதை நான் மிகையாகச் சொல்வதாக எவரும் நினைக்க வேண்டாம். மிகையாகப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு செடிகளை வைத்துக்கொண்டு, மீதிப் பத்துத் துளைகளில் புதிதாக விதை போட்டோம். ஒன்பதாம் நாள் காலை, அந்த இரண்டில் ஒன்றின் கிண்ணத்தைத் தூக்கினேன். பழுப்பு வேர்களின் மேற்பகுதியிலிருந்து, நீருக்கும் குழாயின் கூரைக்கும் இடையே இருந்த அந்த இரண்டு அங்குலக் காற்றில், புது வேர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பால் வெள்ளை. ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பூமயிர். அதில் நீர்த்துளி ஒன்று ஒட்டி, விழாமல் நின்றது.

நான் முப்பத்தோராண்டுகள் மண்ணைச் சலித்தவன். வேர் என்றால் பிடுங்கிய வேர், உதறிய வேர், காய்ந்து தாளில் ஒட்டிய வேர். உயிரோடு, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் வேரை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். ஒரு வீட்டின் சுவரையும் தரையையும் ஆயுள் முழுவதும் அளந்தவன், அதில் குடியிருப்பவரை எழுபத்திரண்டாம் வயதில் நேரில் பார்த்தாற்போல் இருந்தது.

குழாயின் பக்கவாட்டில், நீர் மட்டத்துக்கு மேல் ஒரு சிறு சன்னல் வெட்டி, அதன் விளிம்பில் ஒரு வேர்நுனிக்கு நேராக மசியால் ஒரு கோடு போட்டேன். நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கண் கொட்டாமல் பார்த்தும் அது நகர்வது தெரியவில்லை. மாலையில் அந்த நுனி கோட்டைத் தாண்டி அரை விரற்கடை கீழே இருந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. நீர் எங்கே இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்கள்? இதற்குப் புத்தகத்தில் விடை உண்டு. அந்த விடை எனக்கு மனப்பாடம். இருந்தும் இருட்டும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

அதன்பின் ஒவ்வொரு நாளும் விடியலில் அங்கே போய் உட்கார்வது என் வழக்கமாயிற்று. சூரியன் வருமுன் இலை விளிம்புகளில் சிறு துளிகள் வரிசையாக நிற்கும். பனி அன்று, வேர் இரவெல்லாம் மேலே தள்ளிய நீர். ஒன்றில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். எவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பின்னால் கமலம் காப்பிக் குவளையோடு நின்றாள். “உப்பா இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். தானும் ஒன்றைத் தொட்டுச் சுவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மோட்டார் குமிழிடும் ஒலியைக் கேட்டபடி வெகுநேரம் இருந்தோம்.

7

ஆகஸ்டில் கட்டட நிர்வாகத்தின் ஆய்வாளர் வந்தார். இளைஞர். கையில் ஒரு படிவம். மாடிமுகப்பில் மண் உண்டா, இல்லையா என்று அதில் இரண்டு கட்டங்கள். அவர் குழாய்களின் மூடிகளைத் திறந்தார், வாளிக்குள் பார்த்தார், களிமண் உருண்டை ஒன்றை எடுத்து உருட்டினார். உருண்டையைக் களிமண் என்பதா என்று அவருக்கு ஐயம். அது சூளையில் சுட்டது, இனி அதை மண் என்பது செங்கல்லை மண் என்பதற்குச் சமம் என்று நான் என் பிரெஞ்சில் வாதிட்டேன். கடைசியில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டார். போகுமுன் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். முழங்கை நீளத்துக்கு வெள்ளை வேர் தொங்கியது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த வாரமே முதல் பூ. மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கிவிட்டது. நான்காம் நாள் விரல் நீளக் காய். கமலம் அதைப் பறிக்காமல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றிவிடும் என்று எச்சரித்தேன். முற்றட்டும், விதைக்கு ஆகும் என்றாள்.

செப்டம்பர் பிறந்தது. சீட்டில் குறித்த நாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடும். ஒரு காலை, கடைசிக் குழாயில் போட்ட விதை முளைக்காமல் காலியாகவே இருந்த இரண்டு துளைகளில் புதிய கிண்ணங்கள் இருப்பதைப் பார்த்தேன். உருண்டைகளை விலக்கினேன். தண்டுக்கீரை விதை, முளை கிளம்பியிருந்தது. கீரை பறிக்கும் பருவம் வர ஒரு மாதத்துக்கு மேலாகும். விதைத்தவள் அடுப்படியில் இருந்தாள்.

“கீரை போட்டிருக்கியே” என்றேன்.

“சீட்ட தள்ளிப் போட முடியுமான்னு பையன்கிட்ட கேளுங்க.”

“எந்தத் தேதிக்கு?”

“தேதியெல்லாம் கேக்காதீங்க. தள்ளச் சொல்லுங்க.”

நவம்பரில் இருவரும் போய்க் கையெழுத்திட்டோம். அதிகாரி, ஒன்றாக வாழ்வதற்குச் சான்று ஏதும் உண்டா என்று வழக்கப்படி கேட்டார். மின் கட்டணச் சீட்டைக் கொடுத்தேன். கமலம் தன் பங்குக்குக் கைப்பேசியைத் திறந்து, குழாயருகே நான் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைக் காட்டினாள். அதை எப்போது எடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது.

இந்தக் குறிப்புகளை எழுதக் காரணம் பின்வருவது. கமலம் அனுப்பிய மேற்படி படத்தை என் தம்பி மகன் நெடுங்காட்டில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். நான் படித்த பள்ளியின் ஆண்டு மலரில் அது அச்சாகியிருக்கிறது. மண்ணில்லா வேளாண்மையை நம்மூர் ஓய்வுபெற்ற அதிகாரி தம் அனுபவ அறிவால் பாரிஸில் வடிவமைத்தார், கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த ஒரு மீனவருக்கும் அதைப் பயிற்றுவித்தார் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு வந்து பொன்னாடை ஏற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். நான் வரவில்லை.

மலரில் உள்ள செய்தி தவறு. குழாய் வாங்கியவனும் உரம் கலந்தவனும் நான். பன்னிரண்டு செடிகளில் பத்தை மூழ்கடித்துக் கொன்றவனும் நான். காரணத்தைக் கண்டு சொன்னவர் கலியமூர்த்தி. துளையை இறக்கிப் போட்டவர் அவர். காற்று மோட்டார் அவர் கொடுத்தது. அவருக்கு நான் எதையும் பயிற்றுவிக்கவில்லை.